அடைமழைக்கு முன்னால் மாடி ஒழுகலைச் சரி செய்ய வேண்டும்: கெமிக்கலா, கொத்தனாரா?

ஓசூரில்_ஒரு_மதுரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு திருநகரில். அப்பா 1994-இல் கட்டியது, தரைத்தளம் மட்டும்தான், மாடி 900 சதுர அடி, மேலே தட்டோடு பதித்தது. கட்டிய நாளிலிருந்து அந்த மாடியை யாரும் கவனித்ததில்லை, அம்மா வடகம் காயப்போட ஏறுவதோடு சரி. போன வருடம் ஐப்பசியில் ஹாலில் ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் சொட்ட ஆரம்பித்தது, கார்த்திகை முடிவதற்குள் மூன்று இடம் ஆகிவிட்டது. நான் ஓசூரிலிருந்து போன் பண்ணினால் பின்னால் பாத்திரத்தில் தண்ணி விழுகிற சத்தம் கேட்கும், அம்மா அதை டிவி சத்தம் என்று சமாளிப்பார். அப்பாவுக்கு 74 வயது. மழை விட்டதும் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு பாசி பிடித்த மாடியில் தண்ணி தள்ளப் போய்விடுகிறார், சொன்னால் கேட்பதில்லை. எனக்கு ஒழுகலை விட அதுதான் பயம்.

இப்போது புரட்டாசி பாதி ஓடிவிட்டது. போன வாரம் வாட்டர் ப்ரூஃபிங் பண்ணுகிற ஒருவரை வரச்சொன்னேன். மாடியில் அஞ்சு நிமிடம் நின்றார், போட்டோ எடுத்தார், சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கணக்கு வந்துவிட்டது: சதுர அடிக்கு 85 ரூபாய், மொத்தம் 76,500, ஏழு வருடம் கேரண்டி. தண்ணி எந்த வழியாக இறங்குகிறது என்று கேட்டதற்கு, "அடிச்சுட்டா எல்லாம் நின்னுடும் சார்" என்றார்.

பணம் புரட்டிவிடலாம், அது இல்லை பிரச்சனை. வேலை உருப்படுமா என்றுதான் தெரியவில்லை. தீபாவளி லீவுக்கு முன்னால் ஊருக்கு வர எனக்கு இரண்டு வார இறுதிதான் கிடைக்கும். அதற்குள் என்ன செய்யலாம்? ஃபேன் பக்கத்தில் சொட்டுவது ஆபத்தா? வயசானவர்கள் இருக்கிற வீட்டில் மழைக்கும் மார்கழிப் பனிக்கும் வேறு என்ன பார்த்து வைக்க வேண்டும்?

---

கொத்தனார்_மகன்:

தம்பி, அந்த 76,500-ஐ இப்போது கொடுக்காதீர்கள். கெமிக்கலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, இந்த மாதத்தில் வேண்டாம். அந்தப் பூச்சு பிடிக்க வேண்டுமானால் தளம் உள்ளுக்குள் காய்ந்திருக்க வேண்டும். உங்கள் மாடியில் தட்டோட்டுக்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட சுருக்கி மூன்று அங்குலம் இருக்கும், போன கார்த்திகையில் குடித்த தண்ணியே அதில் மூலைக்கு மூலை தங்கியிருக்கலாம், போதாததற்குப் புரட்டாசியில் நம்ம ஊரில் மூன்று நாளைக்கு ஒரு தடவை சாயங்காலம் இடி இடித்து ஊற்றுகிறது. அதன் மேல் பூச்சை அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே வர வழி இல்லாமல் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். அடுத்த ஆடிக் காற்றுக்கு அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். அதை அடிக்கிற மாதம் பங்குனி, சித்திரை.

இப்போது செய்ய வேண்டியது வேறு.

முதலில் தூம்பைப் பாருங்கள், அதாவது மாடித் தண்ணி இறங்குகிற குழாய் வாய். எங்கள் அப்பா எந்த வீட்டுக்கு ஒழுகல் பார்க்கப் போனாலும் ஏணியில் ஏறியதும் நேராக அங்கேதான் போவார். 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 930 லிட்டர் தண்ணி. உங்கள் மாடிக்கு ஒரு நல்ல மழையில் 5 செ.மீ. பெய்தால் நாலாயிரம் லிட்டருக்கு மேல், அதாவது ஒரு சின்ன லாரித் தண்ணி, அத்தனையும் அந்த நாலு அங்குலக் குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். அதன் வாயில் வேப்பிலை அடைத்திருந்தால் மாடி குளம்தான். குளம் ஆனால் எந்தத் தட்டோடும் தாங்காது.

அடுத்தது வாட்டம். பத்து அடிக்கு இரண்டு, இரண்டரை அங்குலமாவது தூம்பைப் பார்த்துச் சரிவு இருக்க வேண்டும். மட்டம் பிடிக்கவெல்லாம் வேண்டாம், மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய் (அப்பா இல்லை, நீங்கள்) தண்ணி எங்கெங்கே நிற்கிறதோ அதைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள்தான் கொத்தனாருக்குத் தேவை, உங்கள் வாட்ஸ்அப் ஆள் எடுத்த போட்டோ இல்லை.

மூன்றாவது, எல்லாரும் ஏமாறுகிற இடம். கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே விரிசல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அங்கே மட்டும் சிமெண்ட் பால் ஊற்றுவார்கள். தண்ணி அப்படி நேராக இறங்காது. தட்டோட்டு இடுக்கு வழியாக உள்ளே போய், சுருக்கிக்குள்ளேயே வாட்டத்தோடு நடந்து, கான்கிரீட்டில் எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். ஃபேன் பாக்ஸும், தளத்துக்குள் ஓடுகிற ஒயர் பைப்பும்தான் அதற்குச் சுலபமான ஓட்டை. அதனால்தான் பாதி வீட்டில் ஃபேன்கிட்டயே சொட்டுகிறது.

எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க, காய்ந்த நாளில் மாடியை நாலு பாகமாகப் பிரித்துக்கொண்டு, தாழ்வான பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பாகமாக ஹோஸில் தண்ணி விடுங்கள். ஒரு பாகத்துக்கு ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கீழே ஒருவர் டார்ச்சோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கழுத்து வலிக்கும், வேறு வழி இல்லை. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணி எல்லாப் பாகத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், அப்புறம் எது குற்றவாளி என்றே தெரியாது.

முக்கால்வாசி நேரம் குற்றவாளி கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலைதான். வெயிலில் தளம் விரிந்து, இரவில் சுருங்கி, அந்த மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விட்டுவிடும். அதைக் கொத்திவிட்டு மூலை முழுக்கச் சரிவாகப் பூச வேண்டும். தட்டோட்டு இடுக்குகளில் பாசியைச் சுரண்டி, அரை அங்குலம் ஆழத்துக்குக் கொத்தி, வாட்டர் ப்ரூஃப் திரவம் கலந்த கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். கம்பு நுனியால் ஒவ்வொரு தட்டோட்டையும் தட்டிப் பார்த்தால் ஒட்டியிருப்பது 'டங்'கென்று கேட்கும், தூக்கிக்கொண்டது 'டொப்' என்று கேட்கும். டொப்பை எல்லாம் மாற்றிவிட வேண்டியதுதான். பூசின பிறகு ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு நனைக்க வேண்டும். கொத்தனார் போன மறுநாளே இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

---

கட்டிட_இஞ்சினியர்_பையன்:

மேலே அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான், ஒன்று மட்டும் விட்டுப்போச்சு. கீழே சீலிங்கில் பழுப்புக் கறை இருக்கிறதா, பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். துரு பிடித்தால் கம்பி ஊதும், ஊதி கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். அந்த நிலைக்குப் போயிருந்தால் மேலே என்ன அடைத்தாலும் பத்தாது, கீழே தளர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துரு தடுக்கிற பூச்சு கொடுத்து, அப்புறம்தான் பாலிமர் கலவை. வெறும் சிமெண்டையும் பட்டியையும் வைத்து மூடி பெயிண்ட் அடித்தால் ஒரு வருடத்தில் சோற்றுத் தட்டில் விழும்.

கெமிக்கல் எல்லாம் ஏமாற்று என்கிற மாதிரி ஒரு பேச்சு நம்ம ஊரில் இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடுக்காயும் வெல்லமும் போட்டுக் கட்டிய காலம் மாதிரி வருமா என்று கேட்பவர்களுக்கு: நாயக்கர் மஹால் 1636-இலிருந்து நிற்கிறது, சரி, ஆனால் அதற்கும் காலாகாலத்தில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. நம்ம வீட்டு மாடியை முப்பது வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டு சிமெண்டைக் குறை சொல்வது என்ன நியாயம்?

---

லைன்வேலை_ஓய்வு:

ஃபேன் பக்கத்தில் சொட்டுவது ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள். ஆபத்துதான். சொட்ட ஆரம்பித்தால் ஃபேன் சுவிட்சை அணைப்பது பத்தாது. சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் வெட்டும், 1994 ஒயரிங்கில் அது ஃபேஸா நியூட்ரலா என்பதே சந்தேகம். போர்டில் அந்த லைனுக்குரிய எம்.சி.பி.யை, அதாவது லோடு கூடினால் தானாக விழுகிற சுவிட்சை, இறக்க வேண்டும். இன்னும் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் இருக்கிறது என்றால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், அம்மாவுக்கு இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிய வேண்டும்.

அப்புறம் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வாங்குங்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது இதுதான். ஈரச் சுவர் வழியாகக் கரண்ட் கசிந்தாலே தட்டிவிடும். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறதே என்று எரிச்சல்பட்டு ஆளை விட்டு நேராக இணைத்துக்கொள்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது விழுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும், மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள், விழவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது.

இன்னொன்று, மாடியில் துணி காயப்போடுகிற கொடி. இரும்புக் கம்பியா? கழற்றி எறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் ஒயர் உராய்ந்து உராய்ந்து தோல் போயிருக்கும், மழையில் அது பைப்பில் பட்டு, பைப்பில் கட்டின கொடிக்கம்பியில் வந்து, ஈரத் துணியை எடுக்கப் போன பொம்பளைகள் போயிருக்கிறார்கள். முப்பது வருட சர்வீஸில் இந்த ஒன்றைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. மரக்கிளை ஒயரில் சாய்ந்திருந்தால் அப்பாவை அரிவாள் எடுக்க விடாதீர்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

---

செல்லூர்க்காரி:

தம்பி, உங்களுக்குத் தண்ணி மேலிருந்து வருகிறது, எங்களுக்குக் கீழிருந்து வரும் 😀 2024 அக்டோபர் கடைசியில் கண்மாய் நிரம்பி எங்கள் தெருவுக்கு வந்ததை ஊரே டிவியில் பார்த்தது. தல்லாகுளம், பீபிகுளம், ஆலங்குளம் என்று பெயரிலேயே குளம் வைத்துக்கொண்டு வீட்டைக் கட்டிவிட்டு யாரைக் குறை சொல்ல. உங்கள் பகுதிக்கு இது தேவைப்படாமல் போகலாம், ஆனால் ரோடு போடப் போட உங்கள் வாசல் தெருவை விடத் தாழ்ந்திருந்தால் கேளுங்கள்.

தெருவில் தண்ணி ஏறினால் முதலில் வாசல் வழியாக வராது, கக்கூஸ் வழியாக வரும். பாதாளச் சாக்கடை நிரம்பி எதிர்த்துத் தள்ளும். நாங்கள் இப்போது மழைக்கு முன்னாலேயே சாக்கில் பாதி மணல் நிரப்பி, பாலிதீன் கவருக்குள் போட்டுக் கட்டி இரண்டு தயாராக வைத்திருக்கிறோம், ஒன்று பேசின் மேல், ஒன்று பாத்ரூம் தண்ணி போகிற ஓட்டையில். பிளம்பரிடம் சொல்லி வெளியே போகிற குழாயில் திரும்பி வராத வால்வும் போட்டாயிற்று. சம்ப் மூடியைத் தரை மட்டத்திலிருந்து ஒரு செங்கல் உயரம் தூக்கிக் கட்டியிருக்கிறோம், இல்லாவிட்டால் சாக்கடை தண்ணி சம்பில் இறங்கும், அப்புறம் முழுக்க இறைத்துத் தேய்த்துக் கழுவுகிற வரைக்கும் குடத்துக்கு அலைய வேண்டும்.

பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். வெளிச்சுவர் ஓதம் ஏறினால் பின்னால் பூஞ்சை பிடித்து, பட்டுப்புடவை எல்லாம் முக்கல் வாடை அடிக்கும். என் கல்யாணப் புடவை அப்படித்தான் போனது, சரி அது வேறு கதை. கொசுவுக்கு ஊரெல்லாம் டயரையும் சிரட்டையையும் சொல்வார்கள், ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். வாரம் ஒரு தடவை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், டெங்குக் கொசு முட்டை தண்ணி இல்லாமலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதனால் கொட்டினால் மட்டும் போதாது.

---

உசிலம்பட்டி_ஓட்டுவீடு:

நீங்கள் ஆர்.சி.சி.பி., பாலிமர் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் புரட்டாசி ஞாயிறு என்றால் ஓடு மாற்றுகிற வேலைதான். அணிலும் பூனையும் நகர்த்தின ஓட்டைச் சரியாக வைத்து, உடைந்ததை எடுத்து, இடுக்கில் இருக்கிற வேப்பங்கொட்டையைக் கூட்டினால் ஒரு நாளில் முடிந்தது. செலவு ஆளுக்கு ஒரு டீ.

ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சுவரோரம் விறகு, செங்கல், பழைய ஓடு எதுவும் அடுக்கி வைக்காதீர்கள். மழையில் வளையில் தண்ணி புகுந்ததும் கட்டுவிரியன் காய்ந்த இடம் தேடி வரும், அது ராத்திரியில் நடமாடுகிற பாம்பு, தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும், கடித்ததே பல பேருக்குத் தெரியாது. கீழே படுக்கிற பழக்கம் இருந்தால் கட்டிலுக்கு மாறுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் சுற்றிச் செருகிவிடுங்கள். சந்தேகம் என்றாலும் கயிறு கட்டுவது, மந்திரிப்பது எல்லாம் வேண்டாம், நேராகப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

---

ஓசூரில்_ஒரு_மதுரைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. போன சனி, ஞாயிறு போய்விட்டு வந்தேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தூம்பு இரண்டு. மேற்குப் பக்கம் இருப்பது நன்றாக இருந்தது. கிழக்குப் பக்கம் முழு அடைப்பு. கொத்தனார் கையை விட்டு உருவினார்: மேலே வேப்பிலை, அதற்குக் கீழே மண், அதற்குக் கீழே சிவப்பாக ஒரு கட்டி, என்னவென்று பார்த்தால் சரவெடித் தாள். எத்தனை தீபாவளியோ தெரியாது, நனைந்து நனைந்து அட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. அடியில் ஒரு பச்சை ஸ்டம்பர் பந்து. நான் ஒன்பதாவது படிக்கும்போது தொலைத்தது அதுதான் என்று அப்பா சாதிக்கிறார், இருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறார்.

தண்ணி விட்டுப் பார்த்தோம். அம்மா ஹாலில் நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்துகொண்டார். முதல் இரண்டு பாகத்துக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது, கிழக்குக் கைப்பிடிச் சுவர் மூலை, நாற்பது நிமிடத்தில் "வருதுடா" என்று கீழிருந்து சத்தம். மூலைக்கும் ஃபேன் கொக்கிக்கும் பன்னிரண்டு அடி தூரம்! இதைக் கண்ணால் பார்க்காவிட்டால் நான் நம்பியிருக்கவே மாட்டேன். அன்றைக்கே அந்த மூலை முழுக்கக் கொத்திப் பூசியாயிற்று, டொப் ஓடு பதினேழு மாற்றியாயிற்று, கிழக்குப் பாதிக்கு இடுக்கு அடைத்தாயிற்று. கொத்தனார், சித்தாள், சாமான் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். கம்பி எங்கேயும் வெளியே தெரியவில்லை. எலக்ட்ரீஷியன் அடுத்த சனிக்கிழமை வருகிறார், கொடிக்கம்பியை நானே அவிழ்த்துவிட்டேன். அம்மா நைலான் கயிறு தொய்யும் என்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அங்கே நல்ல மழையாம். ஹாலில் ஒரு சொட்டு இல்லை, படுக்கையறையிலும் இல்லை. பாத்ரூம் மேல் இருக்கிற மூன்றாவது இடம் மட்டும் நிற்கவில்லை. கேட்டால் அம்மா இப்போதுதான் சொல்கிறார், அது மழை இல்லாத நாளிலும் எப்போதாவது சொட்டுமாம். இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் "நீ கேக்கலையே" என்கிறார்.

---

கொத்தனார்_மகன்:

மழை இல்லாமல் சொட்டினால் மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை தம்பி. பாத்ரூமுக்கு மேலேதானே தண்ணித் தொட்டி? மோட்டார் போட்டு மறந்து வழிகிற நாளில் சொட்டுகிறதா என்று அம்மாவைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்படியென்றால் வழிகிற குழாயை நீட்டித் தூம்பு வாய் வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள், இரண்டு எல்போவும் அஞ்சு அடி பைப்பும்தான். வழியாத நாளிலும் சொட்டினால் தொட்டியிலிருந்து இறங்குகிற பைப் தளத்தைத் துளைத்துப் போகிற இடத்தைச் சுற்றிப் பாருங்கள்.

கிழக்குத் தூம்பு வாய்க்குக் கம்பி வலையைப் பந்து மாதிரி சுருட்டி வையுங்கள், தட்டையாக வைத்தால் ஒரே இலை விழுந்து மூடிக்கொள்ளும். கீழே மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறதா? 2003-இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று வந்தபோது போட்டிருப்பீர்கள், அதற்கப்புறம் யாரும் திறந்திருக்க மாட்டீர்கள். இத்தனை நாள் அடைத்திருந்த தண்ணி இப்போது அங்கேதான் போகும், மேல் மணலை அள்ளிப் புது மணல் போடாவிட்டால் குழி எதுக்களித்துக்கொண்டு அஸ்திவாரத்தில் நிற்கும். சாக்கு நனைக்கிற வேலையை அப்பாவிடம் விடாமல் பக்கத்து வீட்டுப் பையன் யாருக்காவது காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், இன்னும் நாலு நாள்தானே.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எண்ணெய்ப் பலகாரத்தில் கை வைப்பதற்கு முன்னால் மாடியில் வெடித்தாள் கூட்டுங்கள். நீங்கள்.